தூரம் காட்டாத ரேடார்

ரேடார் என்ற பெயரில் ஐந்து ஆங்கில எழுத்துகள். முதல் இரண்டும் ரேடியோவுக்கு, அடுத்தது டிடெக்‌ஷனுக்கு, நான்காவது ‘அண்டு’ என்ற இணைப்புச் சொல்லுக்கு, கடைசி எழுத்து ரேஞ்சிங்குக்கு. ரேடியோ அலையால் கண்டுபிடிப்பதும் தூரம் அளப்பதும் என்று பொருள். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி எழுத்தைப் பற்றியது. போக்குவரத்துக் காவலர் சாலையோரம் நின்று வண்டிகளை நோக்கி நீட்டும் வழக்கமான ரேடாருக்குத் தூரம் அளக்கத் தெரியாது. வேகம் மட்டும்தான் தெரியும். பெயரில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு உரியதல்ல. போதாததற்கு, அந்தக் கருவியின் முகப்பிலேயே ‘ரேஞ்ச்’ என்று எழுதிய குமிழ் ஒன்றும் இருக்கும். அதுவும் தூரத்தை அளப்பதில்லை.

பெயர் வைத்தவர்கள் அமெரிக்கக் கடற்படை அதிகாரிகள் இருவர்: எஸ். எம். டக்கர், எஃப். ஆர். ஃபர்த். 1940 நவம்பரில் கடற்படை அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. ‘அண்டு’வுக்குச் சுருக்கப் பெயர்களில் பொதுவாக யாரும் இடம் கொடுப்பதில்லை. கொடுத்தால்தான் வாயில் நுழையும் என்று நினைத்திருப்பார்கள் போலும். அதில் ஒரு லாபமும் கிடைத்தது. ஆங்கில எழுத்தில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே சொல், நம் விகடகவி மாதிரி. போய்த் திரும்பும் அலைக்கு மாலைமாற்றாக ஒரு பெயர் அமைந்தது தற்செயல் என்றே நினைக்கிறேன். தற்செயலையும் ரசிக்கலாம்.

பிரிட்டனில் அதே நுட்பத்துக்கு அப்போது ஆர்.டி.எஃப். என்று பெயர். ராபர்ட் வாட்சன்-வாட் 1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி அருகே, பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பை வைத்தே பறக்கும் விமானத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார். அந்த மூன்றெழுத்தை வேண்டுமென்றே மங்கலாக வைத்தார்கள். திசை காணும் பழைய ரேடியோ நுட்பம் என்று எதிரி எண்ணிக்கொள்ளட்டும் என்பது கணக்கு. 1943-இல் பிரிட்டனும் ரேடார் என்ற பெயருக்கு மாறிவிட்டது. போருக்குப் பிறகு இதே வாட்சன்-வாட் கனடாவில் வேகமாகக் கார் ஓட்டி ரேடாரில் மாட்டிக்கொண்டார். அதைப் பற்றி நையாண்டிப் பாட்டும் எழுதினார். ரேடார் பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தக் கதை வந்துவிடும். நானும் சொல்லிவிட்டேன்.

இவர்களுக்கெல்லாம் முப்பது ஆண்டுகள் முந்தியவர் ஜெர்மனியின் கிறிஸ்டியான் ஹுல்ஸ்மேயர். 1904 மே மாதம் கொலோன் நகரில், ரைன் ஆற்றுப் பாலத்தருகே தன் கருவியை இயக்கிக் காட்டினார். கப்பல் எதிர்ப்பட்டால் மணி அடிக்கும். டெலிமொபிலோஸ்கோப் என்று பெயரிட்டிருந்தார், தொலைவில் நகர்வதைக் காண்பது என்ற பொருளில். வாங்க ஆள் வரவில்லை. கருவியோடு பெயரும் போயிற்று. என்னைக் கேட்டால் சாலை ரேடாருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. ஓடும் வண்டி மட்டுமே இதன் கண்ணுக்குத் தெரியும், நிற்கும் வண்டி இருப்பதே தெரியாது. அந்தப் பெயரை எந்தக் கான்ஸ்டபிள் வாக்கி டாக்கியில் சொல்லி முடிப்பார் என்பது வேறு விஷயம்.

ரேஞ்ச் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. வரிசை என்பதே மூலப் பொருள். ரேங்க் என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தது. வரிசையாக நிறுத்துவது, வரிசை பரவிக் கிடக்கும் பரப்பு, பரப்பின் எல்லை என்று பொருள் நகர்ந்து நகர்ந்து, 16-ஆம் நூற்றாண்டில் பீரங்கிக்காரர் வாயில் குண்டு எட்டும் தூரம் ஆயிற்று. இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிப்பது ரேஞ்சிங். கடற்படையினர் அந்தப் பொருளில்தான் பெயருக்குள் அதை வைத்தார்கள். தமிழுக்கு வந்த ரேஞ்சு பீரங்கியைக் கழற்றிவிட்டது. ‘அவன் ரேஞ்சே வேற’ என்னும்போது நாம் அந்தஸ்தைச் சொல்கிறோம், அதாவது நமக்கே தெரியாமல் ரேங்கின் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். கேரள எல்லையோரத்தில் செல்போனைப் பார்த்து ‘ரேஞ்சு இல்ல’ என்பார்கள். அலை வந்து சேரவில்லை என்று அர்த்தம். போலீஸ் ரேடாரின் ரேஞ்ச் குமிழுக்கு நெருங்கிய உறவு இந்த எல்லையோர ரேஞ்சுதான்.

குமிழைத் திருப்பினால் கருவியின் காது கூர்மையாகும், அல்லது மந்தமாகும். அவ்வளவே அதன் வேலை. மந்தமாக வைத்தால் பலமாகத் திரும்பி வரும் அலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். லாரியின் அகன்ற தகர முகப்பு அலையைப் பலமாகத் திருப்பி அனுப்புகிறது, மோட்டார் சைக்கிள் கொஞ்சமாகத்தான் அனுப்புகிறது. ஆகவே குமிழ் ஒரே இடத்தில் இருக்கும்போதே லாரியை வெகு தொலைவில் பிடித்துவிடும், பைக்கைப் பக்கத்தில் வந்த பிறகே பிடிக்கும். ‘200 மீட்டருக்குள் வரும் வண்டியை மட்டும் காட்டு’ என்று இந்தக் குமிழிடம் கேட்க வழியில்லை. முன்னால் சின்னக் கார், பின்னால் கண்டெய்னர் லாரி என்று இரண்டும் வந்தால், திரையில் நிற்கும் எண் யாருடையது என்பதைக் கருவி சொல்லாது. காவலர்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவிக்கு ஏன் தூரம் தேவைப்படவில்லை என்பதற்கு அதன் பிறப்புக் கதையிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நார்வாக் என்ற ஊரில் ஆட்டோமேட்டிக் சிக்னல் என்ற நிறுவனம் இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது க்ரம்மன் விமான நிறுவனம் ஒரு சிக்கலோடு அவர்களிடம் வந்தது. கேட்டலினா என்ற நீர்நில விமானம் தரையிறங்கும்போது சக்கரங்களைத் தாங்கும் கால்கள் சேதமாகின்றன, விமானம் என்ன வேகத்தில் கீழிறங்குகிறது என்று தெரிய வேண்டும். ஜான் பார்க்கர், பென் மிட்லாக் இருவரும் காப்பித்தூள் டப்பாக்களைப் பற்றவைத்து அலை எழுப்பும் கூடுகளாக்கி, ஒரு ரேடாரை ஒப்பேற்றினார்கள். அதை ஓடுபாதையின் முனையில் வானத்தைப் பார்த்து வைத்தார்கள். விமானம் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்த விஷயம். வேண்டியது வேகம் மட்டும். ரேஞ்சிங் அங்கேயே கழன்றுவிட்டது, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. போர் முடிந்ததும் வானத்தைப் பார்த்த கருவியைச் சாலைப் பக்கம் திருப்பினார்கள். 1947-இல் கனெக்டிகட் மாநிலக் காவல்துறை கிளாஸ்டன்பரியில் அதைச் சோதித்தது. முதலில் கணக்கெடுப்பும் எச்சரிக்கையும்தான். 1949 பிப்ரவரியிலிருந்து அபராதச் சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள்.

தூரம் அளக்கும் ராணுவ ரேடார், அலையைத் துண்டு துண்டாக அனுப்பி, ஒவ்வொரு துண்டும் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். சாலை ரேடார் அலையை அறுபடாமல் விட்டுக்கொண்டே இருக்கும். திரும்பி வந்த அலை எப்போது புறப்பட்டது என்று அதற்குத் தெரியாது. அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஆஸ்திரியரான கிறிஸ்டியான் டாப்ளர் 1842-இல் பிராகில் எழுதிய கட்டுரை இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றியது. வேக வரம்பை மீறுபவர்களைப் பிடிக்க அது உதவும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். கே அலைவரிசை எனப்படும் 24.15 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடாரில், மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். நூறு கிலோமீட்டருக்கு 4,475 ஹெர்ட்ஸ். மனிதக் காது தாராளமாகக் கேட்கக்கூடிய சுருதி. அதனால்தான் கருவியில் ஒரு ஸ்பீக்கரும் ஒலியளவுக் குமிழும் வைத்தார்கள். நல்ல பயிற்சி பெற்ற காவலர் எண்ணைப் பார்ப்பதோடு ஒலியையும் கேட்பார். ஒரே வண்டி என்றால் சுருதி தெளிவாக, ஆடாமல் நிற்கும். இரண்டு மூன்று வண்டிகள் கலந்தால் கரகரக்கும்.

ஒலிக்குப் பக்கத்திலேயே ‘ஸ்க்வெல்ச்’ என்ற பொத்தான். மெத்தென்ற எதன்மேலோ தொப்பென்று விழுந்து நசுக்குவதற்கு 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் வைத்திருந்த பெயர் அது. உச்சரிக்கும்போதே நசுங்குகிற மாதிரி இருக்கும். வண்டி எதுவும் இல்லாதபோது வரும் இரைச்சலை நசுக்கும் மின்சுற்றுக்கு ரேடியோக்காரர்கள் அதைச் சூட்டினார்கள்.

டாப்ளர் சொன்னது சரிதானா என்று 1845-இல் நெதர்லாந்தின் பாய்ஸ் பாலட் சோதித்தார். உட்ரெக்ட் அருகே ரயிலில் டிரம்பெட் வாத்தியக்காரர்களை ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். சுருதி தெரிந்தவர்கள் தண்டவாளத்தின் ஓரம் நின்று வேறுபாட்டைக் கேட்டார்கள். இதை இங்கே சொல்லக் காரணம், ரேடாரைச் சரிபார்க்கும் கருவியும் ஒரு டிரம்பெட்காரர் தந்ததுதான். பள்ளிப் புத்தகத்தில் இசைக்கவை என்று படித்தோமே, அதுதான். 1711-இல் அதைச் செய்தவர் இங்கிலாந்து அரசவையின் டிரம்பெட் கலைஞர் ஜான் ஷோர். அதைத் தட்டி ரேடாரின் முன் பிடித்தால், அதிரும் கிளைகளை ஓடும் வண்டி என்று ரேடார் எண்ணிக்கொண்டு ஒரு வேகத்தைக் காட்டும். என்ன வேகம் காட்ட வேண்டும் என்பது கவையின் மேலேயே பொறித்திருக்கும். ஆனால் அந்த எண் ஒரே ஓர் அலைவரிசைக்குத்தான் செல்லும். பழைய எக்ஸ் அலைவரிசைக்காகச் செய்த, 50 என்று பொறித்த கவையைக் கே ரேடாரின் முன் பிடித்தால் ஏறத்தாழ 22 காட்டும். பொறித்திருப்பது வேகம், அதிர்வது சுருதி. இரண்டுக்கும் நடுவே எந்த ரேடார் என்ற கேள்வி நிற்கிறது.

கருவியைத் தயாரித்தவர்கள் முதலில் வைத்த பெயர் வேகமானி என்பதுதான். கையில் பிடித்து விசையை இழுக்கிற வடிவம் வந்த பிறகு ‘ரேடார் கன்’ ஆயிற்று. 1974-இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், வளாகப் போலீஸிடம் இருந்த ரேடாரைப் பார்த்துவிட்டு, பந்தின் வேகத்தை இதில் அளக்கலாமே என்று யோசித்தார். அங்கிருந்து விளையாட்டு மைதானங்களுக்குப் பரவியது. நம்மில் பெரும்பாலோர் ஸ்பீடு கன் என்ற சொல்லைப் போலீஸிடம் கேட்கவில்லை, கிரிக்கெட் வர்ணனையில்தான் கேட்டோம். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய 161.3 கிலோமீட்டர் பந்தை யாரால் மறக்க முடியும்?

கன் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. அது ஒரு பெண்ணின் பெயர். இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் 1330 வாக்கில் எடுத்த ஆயுதக் கணக்கில், பெரிய எறிபடை ஒன்றை ‘குனில்டா சீமாட்டி’ என்று லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். குன்ஹில்டு என்பது வடநாட்டுப் பெண்பெயர். அதன் இரண்டு பாதிகளுக்கும் போர் என்றே பொருள். பீரங்கிக்குப் பெண்பெயர் சூட்டும் வழக்கத்தில் அந்தப் பெயர் தேய்ந்து ‘கன்’ ஆனது என்பது அகராதிக்காரர்கள் பெரும்பாலும் ஒப்பும் விளக்கம். நம் துப்பாக்கியும் துருக்கி வழி வந்த சொல்தான்.

கதை சுவையானதே தவிர, பெயர் ரேடாருக்குக் கெடுதல் செய்தது என்பேன். துப்பாக்கி என்றால் குறி என்று மனம் தானாக நினைக்கிறது. நீட்டிய வண்டியைத்தான் அளந்தது என்று காவலரும் நம்புகிறார், நீதிபதியும் நம்புகிறார். உண்மையில் ரேடாரின் அலை டார்ச் வெளிச்சம் மாதிரி விரிந்துகொண்டே போகும். 12 பாகை விரிவுள்ள அலை 300 மீட்டர் தொலைவில் அறுபது மீட்டருக்கு மேல் அகன்றிருக்கும். நான்கு வழிச் சாலை முழுதும் அதற்குள் அடக்கம். சாலையோரம் ஒதுங்கி நின்று கோணமாக நீட்டினால் வேகம் குறைந்தே தெரியும். 20 பாகைக் கோணத்தில் 100 கிலோமீட்டர் 94 ஆகிவிடும். நின்ற இடத்திலிருந்து அளக்கும்வரை இந்தப் பிழை ஓட்டுநருக்கு லாபம்.

அமெரிக்க லாரிக்காரர்கள் இதைத் துப்பாக்கி என்று சொல்லவில்லை. 1974-இல் எண்ணெய் நெருக்கடியால் நாடு முழுதும் 55 மைல் வேக வரம்பு வந்தபோது, பொதுமக்கள் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவில் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ளத் தனி பாஷையே வைத்திருந்தார்கள். போலீஸுக்கு ‘ஸ்மோக்கி’ என்று பெயர். காட்டுத்தீத் தடுப்பு விளம்பரத்தில் வரும் ஸ்மோக்கி என்ற கரடி அணிந்த தொப்பி போலீஸ் தொப்பியைப் போலவே இருந்தது காரணம். ரேடாரோடு நிற்கும் போலீஸ் ‘கோடாக் வைத்திருக்கும் கோஜாக்’: தொலைக்காட்சித் துப்பறிவாளர் பெயரும் கேமரா கம்பெனிப் பெயரும் சேர்ந்த எதுகை. ரேடாரை அவர்கள் கேமரா ஆக்கிவிட்டார்கள்.

அதே காலத்தில் ரேடார் அலையை முன்கூட்டி உணர்ந்து கூவும் பெட்டிகளும் விற்றன. ஒன்றின் பெயர் ‘ஃபஸ்பஸ்டர்’. ஃபஸ் என்பது போலீஸுக்கான கொச்சைச் சொல். இதற்குப் போலீஸ் கொடுத்த பதில்தான் ‘ஹோல்ட்’ பொத்தான். கருவிக்குள் மின்சாரம் ஓடும், அலை மட்டும் வெளியே போகாது. வண்டி நெருங்கியதும் கையை எடுத்தால் ஒரு நொடிக்குள் அளந்துவிடும். பெட்டி கூவும்போது காலம் கடந்திருக்கும். ஹோல்ட் என்பதன் பழைய ஜெர்மானியப் பொருள் கால்நடையைக் காத்து மேய்ப்பது. சாலையோரம் மறைந்து காத்திருப்பவருக்கு மேய்ச்சல் சொல் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் இந்தப் பொத்தானில் ஒரு கேடு உண்டு. சட்டென்று அளப்பதால், எண்ணும் ஒலியும் சில நொடிகள் ஒரே வண்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று கவனிக்கும் பழக்கம் விட்டுப்போகிறது. தூரம் தெரியாத கருவிக்கு அந்தச் சில நொடிகள்தான் ஆதாரம்.

ஓடும் போலீஸ் காரில் பொருத்திய ரேடாரில் ‘டார்கெட்’, ‘பேட்ரோல்’ என்ற இரண்டு சாளரங்களைப் பார்க்கலாம். டார்கெட் என்றால் சின்னக் கேடயம். அம்பு எய்து பழகக் கேடயத்தை வைத்ததால் இலக்கு ஆயிற்று. பேட்ரோல் என்பது பிரெஞ்சில் சேற்றில் கால் அளைந்து நடப்பது. பாசறைச் சகதியில் ரோந்து போன படைவீரர்கள் விட்டுச்சென்ற சொல். போலீஸ் கார் தன் வேகத்தைத் தரையிலிருந்து திரும்பும் அலையால் தானே அளந்து, எதிரே வரும் வண்டி நெருங்கும் வேகத்திலிருந்து கழித்துக்கொள்ளும். கழித்தல் சரி, கழிக்கும் எண் தவறானால்? போலீஸ் கார் 80-இல் போகிறது. முன்னால் ஒரு லாரி 60-இல் போகிறது. லாரியின் பின்பக்கத்தைத் தரை என்று ரேடார் ஏமாந்தால், பேட்ரோல் சாளரத்தில் 20 நிற்கும். எதிரே ஒழுங்காக 80-இல் வருபவர் 160-இல் நெருங்குகிறார். 160-இல் 20 போக அவர் கணக்கில் 140 விழும். கார் ஸ்பீடாமீட்டரை ஒரு தரம் குனிந்து பார்த்தால் தீர்ந்தது. பார்க்காமல் ‘லாக்’ பொத்தானை அழுத்தினால், எண் பூட்டிக்கொண்டு சாட்சியாகிவிடும்.

லாக் என்ற பெயரைப்போல ஆளை மயக்கும் பெயர் இந்த முகப்பில் வேறில்லை. எண்ணைப் பூட்டலாம், எண்ணுக்குரிய வண்டியைப் பூட்ட முடியாது. வரம்பைத் தாண்டிய எதையும் தானாகவே பூட்டிக்கொள்ளும் வசதிகூட ஒரு காலத்தில் இருந்தது. காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். 1979-இல் மியாமித் தொலைக்காட்சி ஒன்று ரேடாரைச் சோதித்துக் காட்டியது. பனை வகை மரம் ஒன்று மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடியது. ஒரு வீடு 28 மைலில் நகர்ந்தது. அந்த ஆண்டே டேட் மாவட்ட நீதிபதி ஆல்ஃபிரட் நெஸ்பிட், அன்றைய ரேடார் எண்களை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பெழுதினார். கருவிகளுக்கும் பயிற்சிக்கும் தேசியத் தரம் வேண்டும் என்ற பேச்சு அமெரிக்காவில் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

நீதிமன்றங்கள் அதுவரை ரேடாரை நம்பியே வந்தன. 1955-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், டாப்ளர் தத்துவத்தை வழக்குதோறும் விஞ்ஞானியைக் கூப்பிட்டு நிரூபிக்கத் தேவையில்லை என்றது. 1966-இல் கென்டக்கி நீதிமன்றம், காவலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாம், கருவியை நிறுவ, சோதிக்க, படிக்கத் தெரிந்தால் போதும் என்றது. நியாயமான பேச்சுதான். ஆனால் ‘படிக்க’ என்பதற்குள் அவர்கள் எவ்வளவு அடக்கினார்கள் என்று யோசிக்கிறேன். ரேஞ்ச் என்று எழுதியதைத் தூரம் என்று படிக்கக் கூடாது, கன் என்பதைக் குறி என்று படிக்கக் கூடாது, லாக் என்பதை நிரூபணம் என்று படிக்கக் கூடாது. உள்ளே நடப்பது கொஞ்சமாவது தெரியாமல் இவற்றைச் சரியாகப் படிப்பது எப்படி?

பெயருக்கு உண்மையாக இருப்பது பின்னால் வந்த லைடார்தான். லைட், ரேடார் என்ற இரண்டையும் ஒட்டவைத்துப் பிறந்த பெயர் அது. லேசர் ஒளியைத் துண்டு துண்டாக அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் தூரத்தைக் கணக்கிட்டு, தூரம் குறைந்துவரும் விதத்திலிருந்து வேகத்தைச் சொல்கிறது. ஒளிக்கற்றை 300 மீட்டரில் ஒரு மீட்டர் அளவுக்கே விரியும். குறி உண்டு, தூரம் உண்டு. ரேஞ்சிங் என்ற சொல் அங்கேதான் தன் வேலையைச் செய்கிறது.

இந்தியாவில் இந்தக் கருவிக்குச் சட்டத்திலேயே இரண்டு பெயர். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ விதி, மின்னணுக் கண்காணிப்புக் கருவிகளின் பட்டியலில் இதை ‘ஸ்பீடு கன்’ என்கிறது. ஆண்டுதோறும் ஒப்புதல் சான்று புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2025 ஏப்ரலில் வெளியான சட்டமுறை அளவியல் விதிகள், ‘வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவி’ என்கின்றன. எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடித்திருக்கிறது. எதை அளக்கிறது என்பதைச் சொல்கிறது, அளக்காததைச் சொல்லவில்லை. 2025 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளின்படி, கடைத் தராசையும் பெட்ரோல் பம்பையும் போல இதுவும் சோதித்து முத்திரை இடப்பட வேண்டிய அளவைக் கருவி. வேகத்துக்காக உங்களுக்குச் சலான் வந்தால், அதில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிவிடாதீர்கள். படத்தில் உங்கள் வண்டியோடு வேறு வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். கருவிக்குக் கடைசியாக முத்திரை வைத்த தேதியையும் கேளுங்கள்.